பழைய ரோஜாவுக்குப் பசி குறைவு

1867-ல் பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜா வந்தது. அதைத்தான் முதல் ஹைப்ரிட் டீ, அதாவது முதல் நவீன கலப்பு ரோஜா என்கிறார்கள். அந்த வருஷத்துக்கு முன்பே இருந்த காலிகா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா, சைனா, டீ, போர்பன் மாதிரியான வகைகளெல்லாம் பழைய ரோஜா. நாம் படிக்கிற பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஹைப்ரிட் டீக்காக எழுதப்பட்டவை, அதை அப்படியே பழைய செடிக்கும் செய்யப் போய்த்தான் நிறையப் பேர் பூவைப் பார்க்காமலே இருக்கிறார்கள்.

முதலில் கவாத்து. காலிகா, ஆல்பா, சென்டிஃபோலியா, டமாஸ்கில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும், அதுவும் போன வருஷம் வளர்ந்த கிளையில். குளிர்காலம் முடிகிற நேரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அந்த வருஷத்துப் பூ மொத்தமும் வெட்டிப் போட்ட குச்சியோடு போய்விடும். என் டமாஸ்க் செடியை அப்படி வெட்டிவிட்டு, பச்சைப் பசேலென்று நின்ற வெறும் புதரை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனசே கேட்கவில்லை. பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள், அதுவும் வயதான ஓரிரு கிளைகளை மட்டும் அடியோடு எடுத்தால் போதும். சைனாவும் டீயும் புதுத் தளிரிலேயே திரும்பத் திரும்பப் பூக்கும், அதனால் அவற்றுக்கு இந்தக் கணக்கு இல்லை. ஆனால் டீ ரோஜாவை ஒட்ட வெட்டினால் அது தேறி வர ரொம்ப நாளாகும்.

காய்ந்த குச்சியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அப்புறம் உரம். பூ வரவில்லையா, இன்னும் ஒரு கை யூரியா போடு என்பதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. தழைச்சத்து கூடினால் செடி இலையாகவே தள்ளும். தளிர் நுனியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், தண்டு சதைப்பிடிப்பாக, விரலால் அழுத்தினால் நசுங்குகிற மாதிரி இருக்கும், மொட்டுக்குக் கீழே அசுவினி வரிசையாக ஒட்டியிருக்கும், இலையில் பிசுபிசுப்பு. பூச்சி தானாக வந்ததில்லை, அந்த இளந்தண்டுக்காக வந்தது. சாம்பல் நோயும் இப்படிப்பட்ட தளிரில்தான் சுலபமாகப் பிடிக்கும்.

நல்ல மண்ணில் ஊன்றிய பழைய ரோஜாவுக்குத் துளிர்க்கும் முன்னால் நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு முறை, மேலே மூடாக்கு, அவ்வளவு போதும். மூடாக்கு தண்டைத் தொட வேண்டாம். மறுபடி மறுபடி பூக்கும் வகை என்றால் ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் இன்னும் கொஞ்சம். மக்காத சாணம் வேண்டவே வேண்டாம், வேர் வெந்துவிடும். காய்ந்த மண்ணில் ரசாயன உரம் தூவினாலும் அதே கதிதான், முதலில் தண்ணீர், பிறகு உரம், மறுபடி தண்ணீர்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பசி இல்லை. பெரும்பாலும் மண்ணில் காரத்தன்மை கூடி, இருக்கிற இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாமல் போயிருக்கும். மண்ணின் அமில, கார அளவைக் காட்டும் பிஎச் 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது. எலும்புத்தூளை அள்ளி அள்ளிப் போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சி, இரும்புப் பற்றாக்குறை இன்னும் மோசமாகும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏழு சிற்றிலை வந்தால் அது காட்டுக்கிளை, வெட்டிவிடு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பழைய ரோஜாக்கள் பலவற்றுக்கு இயல்பாகவே ஏழு சிற்றிலை வரும்! இலையை எண்ணாமல், மண்ணை விலக்கி அந்தக் கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்கு, அதாவது ரோஜாவை வேர்ச்செடியோடு இணைத்த இடத்துக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து வந்திருந்தால் அடியோடு பிய்த்து எடுங்கள், கத்தரித்தால் திரும்ப முளைக்கும். ஒட்டே இல்லாமல் சொந்த வேரில் நிற்கிற செடி என்றால் பக்கத்தில் முளைப்பதும் அதே ரோஜாதான். வேரோடு தோண்டி இன்னொரு இடத்தில் நட்டுக்கொள்ளலாம்.