முதுகுத்தண்டு பாதிப்பு: மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டுப் போகும்போது சறுக்கும் இடங்கள்

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருப்பது) என்று இருந்தால் 40 சதவீத ஊனம் உறுதி என்று நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் பல்ஜ் தெரியும். குனிய, திரும்ப எவ்வளவு முடிகிறது, காலில் பலம் எவ்வளவு, மரத்துப்போன இடம் எது, முதுகின் வளைவு எத்தனை டிகிரி என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் ஊனச் சதவீதம் போடுவார்கள்.

ஆகவே ‘நடக்க சிரமப்படுகிறார்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய சீட்டு உதவாது. ‘வலது பாதத்தைத் தூக்கும் பலம் 5க்கு 2, ஆறு மாதமாக மாற்றமில்லை’ என்று நரம்பியல் மருத்துவர் எழுதித் தந்தால் பேச்சே வேறு. ஸ்கேன் ஃபிலிம்களையும் எடுத்துப் போங்கள்.

சிறுநீர், மலம் அடக்க முடியாததைக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு. தண்டுவட (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) பாதிப்பில் அதுவும் கணக்கில் சேரும். அதற்கான பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் முதலிலேயே நீட்டுங்கள்.

அடுத்தது கூட்டல் கணக்கு. இரண்டு குறைபாடுகளுக்கு 25, 20 என்று போட்டால் மொத்தம் 45 ஆகாது. 90-இல் இருந்து பெரிய எண்ணைக் கழித்து, வரும் 65-ஐச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுக்க வேண்டும்: 14.4. அதை 25-உடன் சேர்த்தால் 39.4. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சலுகைகளுக்கு வைத்திருக்கும் 40 என்ற கோட்டுக்குச் சுமார் அரை சதவீதம் குறைவு! விட்டுப்போன ஒரு சின்னக் குறைபாடுகூட இங்கே முடிவை மாற்றிவிடும்.

ஆபரேஷன் முடிந்த கையோடு போகாதீர்கள். தேறும் வாய்ப்பிருந்தால் தற்காலிகச் சான்றிதழ்தான் வரும். காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) விண்ணப்பத்தில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

அட்டை வந்தால் பணம் தானாக வராது. தண்டுவடம் பாதித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியே மனு கொடுக்க வேண்டும். வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே இதையும் வாங்க முடியாது.

சதவீதம் குறைவு என்று தோன்றினால் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. பழைய தாள்களையே திரும்பக் கொடுக்காமல், முதல் முறை விட்டுப்போன அளவீட்டை எழுதி வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.