பார்த்துப் பழக வைப்பது எப்படி?

குழந்தைக்குச் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். 1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் பலர், யாரும் சொல்லாமலே அதேபோல அடித்தார்கள். நாம் கத்திக்கொண்டே “கத்தாதே” என்றால் மனதில் பதிவது கத்தல்தான்.

என் மகளுக்கு ஷூ லேஸ் கட்டப் பழக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே இருந்தால் இடம் வலம் மாறித் தெரியும். விரல் லேஸை வளையத்துக்குள் தள்ளும் இடத்தில் நிறுத்தி, அவள் பார்வை அங்கே வந்த பிறகே இழுத்தேன். “அடுத்து என்ன?” என்று அவளையே சொல்ல வைத்தேன், அப்படிச் சொன்னால்தான் நினைவில் நிற்கிறது.

பிறகு லேஸை உடனே குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். கோணலாக வந்தாலும் பிடுங்கி நீங்களே கட்டிவிடாதீர்கள். செய்து பார்க்கும் ஆசையே போய்விடும்.