திருவொற்றியூர் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பௌர்ணமியில் மூன்று அம்மன் தரிசனத்துக்குக் கிளம்புகிறவர்களில் பலர், திருவொற்றியூரில் வடிவுடையம்மனைக் கும்பிட்ட கையோடு வெளியே வந்துவிடுகிறார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் அது. வழியில் இறங்கி ஏறும் இடமாக அதை ஆக்கிவிடாதீர்கள்.

தரிசனத்துக்கு ஒரு வரிசை உண்டு. காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூரில் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகளாக வணங்குவது வழக்கம். வீட்டுக்குப் பக்கம் என்று முல்லைவாயிலில் தொடங்கினால் அந்த முறையே தலைகீழாகிவிடும். உச்சிக்கு மேல் நடை சாத்தும் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். மின்சார ரயிலில் மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரலாம். முல்லைவாயிலுக்குப் பேசின் பிரிட்ஜில் ஆவடி வண்டிக்கு மாற வேண்டும். மெட்ரோவில் வந்தால் 'திருவொற்றியூர் தேரடி' நிலையத்தில் இறங்குங்கள். 'திருவொற்றியூர்' என்ற பெயரைப் பார்த்து அடுத்த நிலையம் வரை போய்விடுகிறவர்கள் நிறைய.

தியாகராஜ சுவாமி கோயில் என்று சொல்வதால் அவரே மூலவர் என்று நினைப்பதும் தவறு. மூலவர் ஆதிபுரீஸ்வரர், புற்று வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து, புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். இதைக் கார்த்திகை தீபத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தீபம் கிருத்திகை நட்சத்திரக் கணக்கு, இது பௌர்ணமிக் கணக்கு. இரண்டும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. முடிந்தவரை கடைசி நாள் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள், கூட்டம் நெருக்கும்.

அப்புறம் மகிழமரம். அதைக் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். தான் மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்ய நினைத்த சுந்தரர், அந்த நேரம் மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சங்கிலியாரோ, மரத்தடியிலேயே சத்தியம் செய்யச் சொல்லிவிட்டார்! பிறகு வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குப் பார்வை போனது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. இந்தக் கதை தெரிந்தவருக்கு அந்த மரத்தடியில் நிற்காமல் போக மனசு வராது.

மூலவர் விமானத்தையும் நின்று பாருங்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்தது. பின்பக்கம் யானை முதுகாக வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள்.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு ஒன்று உண்டு. சுவரில் எழுத்து இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், கையில் மிஞ்சிய விபூதியையும் குங்குமத்தையும் கல்வெட்டில் தடவுகிறார்கள், கல் விளிம்பில் விளக்கேற்றி எண்ணெய் வழியவிடுகிறார்கள். எண்ணெய் வாங்கப் பணமில்லாதபோது தன் ரத்தத்தையே விளக்குக்கு ஊற்றத் துணிந்த கலிய நாயனார் பிறந்த ஊர் இது. விளக்கேற்றத் தனி இடம் இருக்கிறது, அங்கே ஏற்றுங்கள். மிஞ்சிய விபூதியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

நேரம் இருந்தால் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதிக்கும் போய் வாருங்கள். கோயிலிலிருந்து தூரமில்லை.