பழைய மாருதியில் செக் இன்ஜின் லைட்: சென்சாரா, வயரா, ஈசியூவா?

செக் இன்ஜின் லைட் எரிந்தவுடன் சென்சார் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தரும் கோடு (code, அதாவது கோளாறு எண்) ஒரு சர்க்யூட்டைத்தான் காட்டும், எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. அந்த சர்க்யூட்டில் சென்சாரோடு இரண்டு மூன்று வயர், ஒரு கப்ளர் (வயர்களை மாட்டும் இணைப்பான்), ஒரு எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) எல்லாம் சேர்ந்திருக்கும். பதினைந்து, இருபது வருடம் இன்ஜின் சூட்டில் கிடந்த வண்டியில் சென்சாருக்கு முன்பே கப்ளரும் எர்த்தும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈசியூவைச் சந்தேகப்படுவது கடைசியில்.

2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) மாருதிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் இந்த வண்டிகள் பலவற்றோடு பேசாது. பிளக் பொருந்தினாலும் உள்ளே ஓடுவது சுசுகியின் சொந்த முறை.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு மெல்லிய குண்டூசி, ஒரு துண்டு வயர், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, உப்புத்தாள். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பை சென்சார் வயர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த பல்ப் இழுக்கும் கரன்ட்டை ஈசியூ சென்சார்களுக்குத் தரும் 5 வோல்ட் லைன் தாங்காது.

முதல் வேலை: பேட்டரியும் எர்த்தும்

வண்டி சில மணி நேரம் நின்றபின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இதில் எது தவறினாலும் அதைச் சரிசெய்த பிறகே மேலே போங்கள்.

அடுத்து மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றி இரு முனையையும் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். இன்ஜின் ஓடும்போது ஈசியூவின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த்தில் தங்கும் வோல்ட் சென்சார் அளவுகளையும் குழப்பும். ஒரு கெட்ட எர்த், பல சென்சார் கெட்டுப்போனதுபோல் நாடகம் ஆடும்.

லைட்டையே கவனியுங்கள்

சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது ஈசியூவுக்கே சப்ளை போகவில்லை. ஃபியூஸையும் மெயின் ரிலேயையும் பாருங்கள்.

கோடு படிப்பது

சுசுகி இன்ஜின் கொண்ட அக்கால வண்டிகள் பலவற்றில் டையக்னோசிஸ் கப்ளர் ஒன்று இருக்கும். அதன் டையக்னோசிஸ் முனையை எர்த் முனையோடு துண்டு வயரால் இணைத்து சாவியை ஆன் செய்தால் லைட் கண் சிமிட்டும். முனைகளின் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சர்வீஸ் மேனுவல் பார்க்காமல் குத்திப் பார்க்காதீர்கள்.

ஒரு முறை சிமிட்டி, சிறு இடைவெளி விட்டு இரண்டு முறை சிமிட்டினால் 12: கோளாறு எதுவும் பதிவாகவில்லை. 13 ஆக்ஸிஜன் சென்சார். 14-ம் 15-ம் கூலன்ட் வெப்ப சென்சார். 21, 22 த்ராட்டில் பொசிஷன் சென்சார் (ஆக்ஸிலேட்டர் மிதியோடு திறக்கும் காற்று வால்வின் நிலையைச் சொல்வது). 31, 32 மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது).

கூலன்ட் சென்சாரை முழுதாகப் பார்ப்போம்

கரும்புகை, மைலேஜ் குறைவு, கறுத்த ஸ்பார்க் பிளக் என்றால் இங்கிருந்து தொடங்கலாம். டேஷ்போர்டு மீட்டருக்குப் போகும் ஒற்றை வயர் சென்சாரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈசியூவுக்குப் போவது இரண்டு வயர் உள்ளது.

சாவி ஆஃபில் கப்ளரைக் கழற்றி சென்சாரின் இரு முனைக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 40 டிகிரியில் சுமார் 1.15, 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் இருக்கும். நம் ஊர்க் காலை 30 டிகிரியில் 1.7-ஐ ஒட்டி வரும்.

இனி வயரும் ஈசியூவும். கப்ளர் கழன்றபடியே சாவியை ஆன் செய்து, கப்ளரின் இரு முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். சுமார் 5 வோல்ட் வர வேண்டும். இப்போது கோடு படித்தால் 14 வரும். இரு முனையையும் துண்டு வயரால் இணைத்தால் 15 வரும். இரண்டும் ஒழுங்காக மாறினால் கப்ளரிலிருந்து ஈசியூ வரை பழுதில்லை என்று நம்பலாம்.

கோடே வராத கோளாறுதான் ஆளைச் சுற்றவிடும். கப்ளர் பின் பச்சை பூத்து 5 கிலோ ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். இன்ஜின் 80 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்க, சென்சாரின் 0.3-ஓடு அது சேர்ந்து ஈசியூவுக்கு 5.3 ஆகத் தெரியும். அதாவது கிட்டத்தட்ட 0 டிகிரி. மலைப்பிரதேசக் குளிர் என்று நினைத்து பெட்ரோலைக் கொட்டும். அளவு வரம்புக்குள் இருப்பதால் லைட்டும் எரியாது. சென்சாரைத் தனியாக அளந்தால் நல்லதாகவே காட்டும். கப்ளர் மாட்டியபடி பின்பக்கமாகக் குண்டூசி செருகி வோல்ட் எடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஈசியூ பக்கத்தில் அதிகமாகவும் சென்சார் பக்கத்தில் குறைவாகவும் இருந்தால் தடை நடுவில்தான். வயரின் மேல்தோலைக் குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியே மழைத்தண்ணீர் இறங்கும்.

மற்ற சென்சார்கள்

த்ராட்டில் சென்சாரில் மிதி விட்டிருக்கும்போது அரை வோல்ட் சுமாரும், முழுதாக மிதிக்கும்போது 4-ஐ ஒட்டியும் வரும். மெதுவாக மிதிக்கும்போது நடுவில் எங்கும் துள்ளக் கூடாது. மேப் சென்சார், கடல் மட்ட ஊர்களில் இன்ஜின் நிற்கும்போது 4 வோல்ட் சுமார், ஐட்லிங்கில் 1 முதல் 1.5; அதற்கு மேலே என்றால் முதலில் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு தேடுங்கள். ஆக்ஸிஜன் சென்சார் சூடானபின் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே மாறி மாறி ஓட வேண்டும்.

ஒரே நேரத்தில் பல கோடு வந்தால் 5 வோல்ட் லைனைப் பாருங்கள். அது விழுந்திருந்தால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 திரும்புகிறதோ அதுதான் ஷார்ட். எதைக் கழற்றியும் திரும்பவில்லையென்றால் ஹார்னஸை (வயர் கட்டை) பாருங்கள். எலி கடித்த இடம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்.

ஈசியூ

சப்ளை, எர்த், 5 வோல்ட், எல்லா சென்சார் சிக்னலும் சரியாக உள்ளே போயும் இன்ஜெக்டருக்கு பல்ஸ் வரவில்லையென்றால் மட்டும் ஈசியூவைத் திறங்கள். போர்டில் பச்சை பூத்த தடமோ, கெபாசிட்டர் கசிந்த மீன் நாற்றமோ இருந்தால் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். பழைய மார்க்கெட்டில் வேறு ஈசியூ வாங்கினால் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்திருக்க வேண்டும். இம்மொபிலைசர் (பதிந்த சாவி இல்லாவிட்டால் இன்ஜினைத் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சாவியையும் அதனோடு சேர்த்துப் பதிய வைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. பாடியில் வெல்டிங் வேலை கொடுக்கும்போது பேட்டரியையும் ஈசியூ கப்ளரையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.