வாயைக் கட்டினாலும் வேலை செய்ய வேண்டும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குள், மனத்தாலேயே காரியம் சாதிக்கும் மனோசக்தி 1976-லேயே நுழைந்துவிட்டது. ஆனாலும் பலருடைய மேசையில் அது சட்டை மாற்றிய மந்திரம்தான். நான் ஆட்டம் நடத்தும்போது வைக்கும் முதல் சோதனை: கதாபாத்திரத்தின் கையையும் வாயையும் கட்டிச் சிறையில் போடுங்கள். உச்சாடனமும் சைகையும் இல்லாமல் மந்திரவாதி தவிப்பான். மனோசக்திக்காரிக்குக் கண்ணை மூடினால் போதும்.

இந்தச் சலுகைக்கு விலை வையுங்கள். நான் அவளுக்குச் சக்தியைப் பயன்படுத்தப் புள்ளிகளைக் கொடுத்து, விரும்பியபடி செலவழிக்க விடுகிறேன். தீர்ந்தபின்னும் முயன்றால் ஆறு பக்கப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் அவளுடைய நினைவு ஒன்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். போன மாதம் காவலனின் மனத்துக்குள் புகுந்தவள், தப்பிக்கும் திட்டத்தைத் தானே காட்டிக்கொடுத்தாள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

தீப்பந்து மட்டும் கொடுக்காதீர்கள். அது மந்திரவாதியின் பிழைப்பு.