செர்காஸ் படிக்க ஒரு நோட்டும் பேனாவும்

ஸ்பானிய எழுத்தாளர் ஹவியேர் செர்காஸை வாங்கி இருபதாம் பக்கத்தில் மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். நாவலா, கட்டுரையா, பத்திரிகைச் செய்தியா என்று பிடிபடவில்லையாம். கதைசொல்லியின் பெயரும் ஹவியேர் செர்காஸ் என்றே இருந்தால் குழம்பத்தான் செய்யும். அந்தக் குழப்பத்தோடே படிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டுப் போர், குடியரசுத் தரப்பு தோற்றது, வென்ற தரப்பின் தளபதி பிராங்கோ 1975-இல் சாகும்வரை சர்வாதிகாரியாக ஆண்டார், 1977-இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது, பழசைக் கிளற வேண்டாம் என்று நாடே பேசாமல் இருந்துகொண்டது. செர்காஸ் 1962-இல் பிறந்தவர். இது போதும், இதற்கு மேல் தேடப் போனால் நாவலைத் தொடவே மாட்டீர்கள்.

அடுத்து, 2001-இல் வந்த 'சோல்ஜர்ஸ் ஆஃப் சலாமிஸ்' நாவலை எடுங்கள். ஆன் மெக்லீனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. தலைப்பைப் பார்த்து கிரேக்கப் போர்க்கதை என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது நோட்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம், கதைசொல்லிக்கு யாரோ சொன்னது, காகிதத்தில் கிடைத்தது. வலது பக்கம், அவனாக ஊகித்தது. உதாரணத்துக்கு, 1939 ஜனவரிக் கடைசியில் கட்டலோனியாவில் பின்வாங்கும் குடியரசுப் படை கைதிகளைக் காட்டில் வைத்துச் சுடுகிறது. ஸ்பெயினின் பாசிசக் கட்சியான ஃபலாங்கேயைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரஃபேல் சான்செஸ் மாசாஸ் தப்பி ஓடி ஒளிந்துகொள்கிறார். தேடி வந்த ஒரு சிப்பாய் அவர் கண்ணையே பார்க்கிறான், இங்கே யாரும் இல்லை என்று தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கைதிகளைச் சுட்டது இடது பக்கம். சிப்பாய் பார்த்ததும் இடது பக்கம்தான், ஆனால் ஒரு கேள்விக்குறியோடு, ஏனென்றால் அதற்கு மாசாஸின் வாய்வார்த்தை மட்டுமே சாட்சி. சிப்பாய் ஏன் அப்படிச் செய்தான்? அங்கே இடது பக்கம் காலி. அதை நிரப்பத்தான் கதைசொல்லி நாவல் முழுக்க அலைகிறான்.

அப்புறம் ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாசோதோப்ளே என்ற ஸ்பானிய நடன இசைக்கு ஆடும் பக்கத்தின் மூலையை மடித்து வையுங்கள். முதல் வாசிப்பில் நான் மாசாஸின் வாழ்க்கைத் தேதிகளுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டே இதைத் தவறவிட்டேன், மூன்றாம் பகுதியில் பிரான்ஸின் திஜோன் முதியோர் இல்லத்துக் கிழவர் வந்ததும் திரும்பப் புரட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தச் சிப்பாய்தானா இந்தக் கிழவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது புத்தகம் 2014-இல் வந்த 'தி இம்போஸ்டர்'. நாஜி வதைமுகாமில் இருந்து மீண்டவன் என்று பல வருடம் மேடை மேடையாகப் பேசிய என்ரிக் மார்க்கோவை, 2005-இல் வரலாற்றாய்வாளர் பெனிட்டோ பெர்மெஹோ பொய்யர் என்று அம்பலப்படுத்தினார். ஆனால் மார்க்கோ ஜெர்மனியில் சிறையில் இருந்தது நிஜம், தொழிலாளியாகத் தானே விரும்பிப் போன இடத்தில். ஆக நோட்டில் இரண்டாவது கோடு ஒன்று தேவைப்படும்.

'லார்ட் ஆஃப் ஆல் த டெட்' கடைசியாக இருக்கட்டும். செர்காஸின் அம்மாவுடைய சித்தப்பா மனுவேல் மெனா பிராங்கோ தரப்பில் சண்டையிட்டு 1938-இல் எப்ரோ போரில் செத்தபோது வயது 19. குடும்பத்துக்கு அவன் வீரன், செர்காஸுக்கு அவமானம். இதில் வலது பக்கத்தில் எழுதக் கை கொஞ்சம் தயங்கும்.