எடை குறைக்க அன்றாடச் சாப்பாட்டில் எதைத் தேர்ந்தெடுப்பது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

எடை குறைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, 'டயட்' என்று பெயர் போட்ட ஏதாவது ஒரு டப்பாவை வாங்கி வருவது. அதெல்லாம் வேண்டாம். அரிசி, பருப்பு, முட்டை, காய், பழம், தயிர் என்று அடுப்படியில் ஏற்கெனவே இருப்பதை வைத்தே தொடங்கலாம், அப்படித் தொடங்கினால்தான் ஆறு மாதம் கழித்தும் விடாமல் செய்ய முடியும். கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்புகிற உணவு எது என்று பார்த்து எடுப்பது. பட்டினி கிடக்கிற வேலை இதில் இல்லை.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், முன்பு உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, அளவு மீறித் தின்பது போன்ற மனநலப் பிரச்சினை) இருந்தவர்கள் எல்லோரும் டாக்டரிடம் பேசிவிட்டு இதைத் தொடங்குங்கள். மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம்.

படி 1: எதையும் மாற்றாமல் மூன்று நாள் எழுதுங்கள்

இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள். வாயில் போனது எல்லாம் வர வேண்டும்: சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டது, நாலு மணி டீயோடு வந்த இரண்டு பிஸ்கட், எல்லாமே. கலோரிக் கணக்கு இப்போது தேவையில்லை. யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை, அதனால் பொய் எழுத வேண்டாம்.

படி 2: 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். வயிறு நிறைந்தது என்ற உணர்வில் சாப்பாட்டின் எடைக்கும் கன அளவுக்கும் பெரிய பங்கு உண்டு. கலோரி மட்டும் அதை முடிவு செய்வதில்லை. தண்ணீரும் நார்ச்சத்தும் நிறைய உள்ள உணவு எடையில் அதிகம், கலோரியில் குறைவு. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி என்பதால், எண்ணெய் ஏற ஏற அதே எடைக்குள் கலோரி குவிந்துவிடும்.

தோராயமாக 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளரிக்காய் 15, ஆப்பிள் 52, வேகவைத்த உருளைக்கிழங்கு 85, வெந்த பருப்பு 115, சோறு 130. அங்கிருந்து ஒரே தாவலாக பிஸ்கட் 480 பக்கம் போய்விடும், நிலக்கடலை 570. அதாவது 240 கலோரிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ ஆப்பிள் சாப்பிடலாம், பிஸ்கட் என்றால் 50 கிராம்தான். அரைக் கிலோ ஆப்பிளை ஒரே மூச்சில் தின்று முடிப்பது லேசான காரியமில்லை, 50 கிராம் பிஸ்கட்டோ பேசிக்கொண்டிருக்கும்போதே காலியாகிவிடும்.

1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை இதே 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குப் பசி எவ்வளவு அடங்குகிறது என்று அளந்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால், முதலிடம் பிடித்த வேகவைத்த உருளைக்கிழங்கு 323. கடைசியில் வந்த, குரோசான் என்கிற வெண்ணெய் நிறைந்த பன் 47. உருளைக்கிழங்கு என்றாலே உடம்பைக் குண்டாக்கும் என்று ஒதுக்குபவர்கள் கவனிக்கவும். அதே கிழங்கை எண்ணெயில் பொரித்துவிட்டால் கணக்கே வேறு, சிப்ஸ் 100 கிராமுக்கு 500-ஐத் தாண்டும்.

இப்போது முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, 100 கிராமுக்கு 150 கலோரிக்குக் கீழே இருப்பவற்றை ஒரு நிறத்திலும் 400-க்கு மேலே இருப்பவற்றை வேறு நிறத்திலும் வட்டமிடுங்கள். இரண்டாவது வகையில் தினமும் வருகிற ஒன்றையோ இரண்டையோ மட்டும் மாற்றினால் போதும், எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டியதில்லை. நிலக்கடலை, பாதாம் போன்றவை நல்ல உணவுதான், தடை ஒன்றும் இல்லை. ஆனால் பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடாமல், ஒரு சிறு கைப்பிடி தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பாக்கெட்டை மூடிவிடுங்கள்.

படி 3: ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும்

முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, தயிர், சோயா. இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்க வேண்டும். புரதம் பசியை நன்றாக அடக்கும், எடை குறையும்போது தசை கரைவதையும் ஓரளவு தடுக்கும், அதைச் செரிக்கவே உடம்பு அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவழிக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் வெந்த பருப்பில் 9 கிராம் புரதம். பருப்பில் நார்ச்சத்தும் கூடவே வருவதால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. இதுவரை நார்ச்சத்து குறைவாகச் சாப்பிட்டவர்கள் மெதுவாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும்.

படி 4: குடிப்பதைக் கவனியுங்கள்

330 மில்லி கோலா ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. அது உள்ளே போனதற்காக யாரும் அடுத்த வேளை சாப்பாட்டைக் குறைப்பதில்லை. பழச்சாறும் பெரிய யோக்கியம் இல்லை. 2009-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வில், மதிய உணவுக்குக் கொஞ்சம் முன்னால் முழு ஆப்பிள் சாப்பிட்டவர்கள், அந்த ஆப்பிளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் முன்னால் எதுவும் சாப்பிடாத நாளைவிடச் சுமார் 15 சதவீதம் குறைந்த கலோரியே சாப்பிட்டார்கள். அதே கலோரிக்கு ஆப்பிள் சாறு குடித்தவர்களிடம் அப்படி நடக்கவில்லை. ஆகவே பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். டீ, காபியில் சர்க்கரையை வாரத்துக்குக் கால் ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும்.

படி 5: எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள்

பாட்டிலைச் சாய்த்து வாணலியில் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு விழுகிறது? நாளைக்குச் சமைக்கும்போது, அப்படி ஊற்றுகிற அளவை முதலில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பிறகு ஸ்பூனால் அளந்து பாருங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, நல்லெண்ணெய் ஆனாலும் ஆலிவ் ஆனாலும் அதேதான். கொழுப்பின் தரம் வேறு விஷயம், கலோரியில் சலுகை கிடையாது.

படி 6: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விஷயம். '100 கிராமுக்கு' என்ற பத்தியை மட்டும் படியுங்கள். 'ஒரு பரிமாறலுக்கு 160 கலோரி' என்று போட்டிருக்கும், பரிமாறல் என்பது 30 கிராம் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பாக்கெட்டோ 150 கிராம். முழுசாக முடித்தால் 800 கலோரி. அடுத்து, சேர்ந்துள்ள பொருட்களின் பட்டியல். அது பொதுவாக எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்கும், முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரையோ ஏதாவது சிரப்போ வந்தால் அது இனிப்புப் பண்டம்தான், 'ஹெல்தி' என்று பச்சை நிறத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பாக்கெட் உணவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவும் கொடுத்தது. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு, வேண்டும் மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த காலத்தில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள்.

படி 7: தட்டை நிரப்பும் வரிசை

முதலில் பாதித் தட்டுக்குக் காய், கீரை, சாலட். கால் பங்கு புரதம். மிச்சக் கால் பங்கில்தான் சோறோ ரொட்டியோ கிழங்கோ. வழக்கமாக நாம் இதைத் தலைகீழாகப் போட்டுக்கொள்கிறோம், சோற்றைக் குவித்துவிட்டு ஓரத்தில் ரெண்டு ஸ்பூன் காய்.

சரி, சோற்றை அடியோடு விட வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 2018-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரில் ஒரு பகுதியினர் கொழுப்பையும் மற்றவர்கள் மாவுச்சத்தையும் குறைத்தார்கள். ஓராண்டில் குறைந்தது முறையே சராசரியாக 5.3 கிலோ, 6 கிலோ. சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. உங்களால் எதைத் தொடர்ந்து சாப்பிட முடியுமோ அந்த வழியில் போங்கள்.

படி 8: எடை பார்ப்பது

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர், அடுத்த வாரம் வேகம் குறைந்ததும் சோர்ந்துபோக வேண்டாம். தினமும் காலையில் பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் முந்தின நாள் உப்பு கொஞ்சம் கூடினாலே முள் ஏறிவிடும். நாலு வாரம் சராசரி அசையவே இல்லை என்றால், பழையபடி மூன்று நாள் எழுதிப் பார்த்து, எண்ணெய், குடிக்கிற சர்க்கரை, கொறிக்கிற கடலை இந்த மூன்றையும் முதலில் சோதியுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காயைக் கூட்டி, இன்னும் இரண்டு வாரம் பாருங்கள்.